லோக்புரோகிராமரைக் கணினி கண்டுகொள்ளவில்லை: அடாப்டரா, கேபிளா, விண்டோஸா?

பிறை_தண்டவாளம் (பிறை, பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் எச்.ஓ. அளவில் சிறிய மாதிரி ரயில் லேஅவுட் ஒன்று வைத்திருக்கிறேன். ஈப்போவில் ஒருவர் தம்முடைய பழைய சாமான்களை விற்றபோது ஈ.எஸ்.யு. நிறுவனத்தின் லோக்புரோகிராமர் கிடைத்தது, மாதிரி எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் பலகையைக் கணினியிலிருந்து எழுதும் பெட்டி அது. பெட்டி, அதன் மின்சார அடாப்டர், ஒன்பது பின் சீரியல் கேபிள் ஆகியவை வந்துவிட்டன. கூடவே இருக்க வேண்டிய யூ.எஸ்.பி. மாற்றி மட்டும் இல்லை.

என் மடிக்கணினியில் சீரியல் போர்ட் கிடையாது. இந்தக் காலத்தில் எதில்தான் இருக்கிறது? இணையக் கடை ஒன்றில் பதினைந்து வெள்ளிக்கு ஒரு யூ.எஸ்.பி. சீரியல் மாற்றி வாங்கினேன். செருகியதும் விண்டோஸ் 11 மணி அடித்து வரவேற்கிறது. ஆனால் லோக்புரோகிராமர் மென்பொருள், பெட்டியே இணைக்கப்படவில்லை என்று சாதிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறது.

எனக்கு வேண்டியது இதுதான்: லோக்சவுண்ட் 5 என்ற ஒலி டிகோடரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் ஓடும் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்து, அதில் வேறு ஒலிக்கோப்பு ஏற்ற வேண்டும். 1957இல் மலாயாவுக்கு வந்த 20ஆம் வகுப்பு டீசல் எஞ்சினின் மாதிரியை நானே தகட்டில் வெட்டிச் செய்திருக்கிறேன். மலாயாவின் மீட்டர் கேஜ் பாதைக்கு மாதிரியில் 12 மில்லிமீட்டர் தடம்தான் சரி என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது வழக்கமான எச்.ஓ. தடமான 16.5 மில்லிமீட்டரில்தான் ஓடுகிறது, ஓடட்டும்.

இன்னொரு கேள்வி. நண்பரிடம் ரயில்களை ஓட்டும் என்.சி.இ. பவர் கேப் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. கணினியில் மாட்டி அதையும் புதுப்பிக்க முடியுமா?

---

செந்தூல்_சீனியர் (கோலாலம்பூர்)

தம்பி, மஞ்சள் முக்கோணம் என்று சொன்னால் போதாது. அதை இருமுறை சொடுக்கினால் ஒரு வரி வரும். அந்த வரி என்ன? அடுத்து, நீங்கள் வாங்கிய மாற்றியின் மறுமுனை எப்படி இருக்கிறது? ஒன்பது பின் கொண்ட உலோக மூக்கா, அல்லது நான்கைந்து வண்ண வயர்கள் தொங்குகின்றனவா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது குறி சொல்வதுதான்.

---

பிறை_தண்டவாளம்

ஐயா, உலோக மூக்குதான். முக்கோணத்தைத் திறந்தால், இந்தச் சில்லு 2012இலேயே கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் வருகிறது. விற்றவரைத் தொடர்புகொண்டேன். அவர் கடையையே மூடிவிட்டார்.

---

ஜெலுத்தோங்_கவிதா (பினாங்கு)

அந்த வரியைப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இந்த மாதிரி மாற்றிகளோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யூ.எஸ்.பி. மாற்றி என்பது வெறும் வயர் இல்லை. அந்த மூக்குக்குள் ஒரு சில்லு இருக்கிறது. சந்தையில் பெரும்பாலும் நான்கு குடும்பங்கள்: புரொலிஃபிக் பி.எல். 2303, எஃப்.டி.டி.ஐ. எஃப்.டி. 232, சிலிக்கான் லேப்ஸ் சி.பி. 2102, சீனாவின் சி.எச். 340. நன்றாக விற்ற சில்லுகளுக்குப் போலிகள் கிளம்பின. போலிகளைத் தடுக்கச் சில்லு நிறுவனங்கள் கணினி சில்லோடு பேச உதவும் தங்கள் டிரைவர் மென்பொருளிலேயே பூட்டுப் போட்டன. புரொலிஃபிக்கின் புதிய டிரைவர், பழைய பி.எல். 2303 வகைகளைக் கண்டால் நீங்கள் பார்த்த அந்த வரியைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும். போலிகள் பெரும்பாலும் அந்தப் பழைய வகையைப் பார்த்துச் செய்தவை என்பதால், அசலாக வாங்கிய பழைய மாற்றியும் அந்த வலையில் விழுகிறது.

எஃப்.டி.டி.ஐ. கதை இதைவிடக் காரமானது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்களுடைய டிரைவர், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே பூச்சியமாக எழுதிவிட்டது. நேற்று வரை ஓடிய கருவிகள் மறுநாள் கணினிக்கு அடையாளம் தெரியாதவை ஆகிவிட்டன. உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகுதான் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள்.

பழைய டிரைவரைத் தேடி நிறுவினால் உங்கள் மாற்றி உயிர்பெறக்கூடும். ஆனால் விண்டோஸ் ஒருநாள் தானாகவே புதிய டிரைவரை இறக்கி வைத்துவிடும், அதுவும் டிகோடரில் எழுதிக்கொண்டிருக்கும்போது நடந்தால் தொல்லை. அதனால் பதினைந்து வெள்ளியை மறந்துவிட்டு, பெயர் சொல்லக்கூடிய கடையில் அசல் எஃப்.டி.டி.ஐ. சில்லு உள்ளதை வாங்குங்கள்.

சீனியர் ஐயா வண்ண வயர் பற்றி ஏன் கேட்டார் என்று புதியவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்.எஸ். 232 போர்ட்டில் சைகை என்பது நேர் மின்னழுத்தமும் எதிர் மின்னழுத்தமும் மாறி மாறி வருவது. மூன்று வோல்ட்டிலிருந்து பதினைந்து வோல்ட் வரை, இரு திசையிலும். வண்ண வயர் தொங்கும் மாற்றிகள் ஆர்டுயினோ போன்ற பலகைகளுக்கானவை. அவற்றில் பூச்சியமும் 3.3 அல்லது 5 வோல்ட்டும்தான், அதுவும் தலைகீழாக. இரண்டையும் நேராக இணைத்தால் பேச்சு நடக்காது. மூக்கு மாற்றியில் இதைத் திருப்பித் தர இன்னொரு சில்லு உண்டு.

புதிய மாற்றி வந்ததும் பெட்டியை இணைக்காதீர்கள். ஒன்பது பின்னில் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு பேப்பர் கிளிப்பால் தொட வையுங்கள். ஒன்று கேட்கும் பின், மற்றது பேசும் பின். சீரியல் போர்ட்டுக்கு எழுத்துகளை அனுப்பிப் பெறும் ஏதாவது ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து, அதன் அமைப்பில் ஃப்ளோ கண்ட்ரோலை நிறுத்திவிட்டு, தட்டச்சு செய்யுங்கள். நீங்கள் அடித்த எழுத்து திரையில் திரும்பி வந்தால் கணினி, டிரைவர், மாற்றி மூன்றும் நலம். கிளிப்பை எடுத்தால் எழுத்து நிற்க வேண்டும். எடுத்த பிறகும் எழுத்து வந்தால் டெர்மினல் தானே எதிரொலிக்கிறது என்று பொருள், அந்த அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

---

பிரிக்பீல்ட்ஸ்_ரவி (கோலாலம்பூர்)

ஓடுகிற வண்டியை எதற்காக நோண்டுகிறீர்கள்? டிகோடர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. ஃபர்ம்வேர் புதுசு என்பதற்காகப் புதுப்பிப்பது தேவையில்லாத வினை.

நான் டி.சி.சி. இ.எக்ஸ்.தான் வைத்திருக்கிறேன், தண்டவாளம் வழியாக எஞ்சின்களுக்கு டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையில் கட்டளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷன் அது. ஒரு ஆர்டுயினோ மெகா, மேலே ஒரு மோட்டார் ஷீல்ட், அவ்வளவுதான். புடு ஜாலான் பாசாரில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைக்கும். யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றைச் செருகி, இன்ஸ்டாலரை ஓட்டினால் புதிய பதிப்பு ஏறிவிடும். பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்பையே மறுபடி ஏற்றலாம். மூல நிரல் திறந்தே கிடக்கிறது. மாதிரி ரயிலைக் கணினியிலிருந்து ஓட்டும் ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளும் அப்படித்தான், இலவசம். திறந்த மூல உரிமத்தை மீறினால் அது பதிப்புரிமை மீறல்தான் என்று 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கு பெரிய கணினி நிறுவனங்களுக்கு இடையே நடந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நம் பொம்மை ரயில் மென்பொருளான ஜே.எம்.ஆர்.ஐ.யை வைத்துத்தான் நடந்தது.

---

செந்தூல்_சீனியர்

ரவி தம்பி, வழக்கு விவரம் சரி. ஆனால் உங்கள் டி.சி.சி. இ.எக்ஸ். பிறைத் தம்பியின் டிகோடருக்குள் ஒலிக்கோப்பை ஏற்றித் தருமா? தராது. டிகோடரின் அமைப்புகளைக் குறிக்கும் சி.வி. எண்களை எழுதும், படிக்கும். ஒலியை ஏற்ற ஈ.எஸ்.யு.வுக்கு அவர்களுடைய கருவிதான் வேண்டும்.

கணினியில் இணைப்பது என்று ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு வேலைகளைச் சொல்கிறோம், குழப்பம் முழுக்க அதில்தான். முதலாவது, கணினியிலிருந்து லேஅவுட்டை ஓட்டுவது. இரண்டாவது, எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடரை எழுதுவது, புதுப்பிப்பது. மூன்றாவது, கமாண்ட் ஸ்டேஷனின் ஃபர்ம்வேரையே மாற்றுவது. ஒன்றுக்கு இருக்கும் போர்ட் இன்னொன்றுக்கு உதவும் என்ற உத்தரவாதம் கிடையாது.

பவர் கேப் கேள்விக்கு விடை இங்கேதான். என்.சி.இ. விற்கும் யூ.எஸ்.பி. பலகை முதல் வேலைக்கு, அதாவது ஜே.எம்.ஆர்.ஐ. போன்றவற்றோடு பேசுவதற்கு. பவர் கேப் 1.28 பதிப்பிலிருந்து 1.65க்குப் போக வேண்டும் என்றால் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் சில்லையே கழற்றி மாற்ற வேண்டும். வயர் வழியாக ஏறாது. நண்பரிடம் சொல்லிவிடுங்கள், வீணாகக் கேபிள் வாங்கிவிடப் போகிறார். டிஜிட்ராக்ஸ் நிறுவனத்தின் வழி வேறு: பி.ஆர். 3 போன்ற இடைமுகத்தை அவர்களுடைய கருவிகளை இணைக்கும் லோக்கோநெட் வயரில் மாட்டினால், புதுப்பிக்க வசதியுள்ள கருவிகளுக்கு வயர் வழியாகவே கோப்பு போகும். ஜே.எம்.ஆர்.ஐ.யிலும் அதற்கு ஒரு கருவி இருக்கிறது.

புதுப்பிக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு என் வழி எளிது. புதிய பதிப்போடு வரும் குறிப்பைப் படியுங்கள். உங்களிடம் உள்ள கோளாறு ஒன்றின் பெயர் அதில் இருக்க வேண்டும், அல்லது உங்களுக்கு வேண்டிய வசதி இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ரவி சொல்வதே சரி. பிறைத் தம்பிக்கு ஒலி ஏற்ற வேண்டியிருக்கிறது, அதனால் அவருக்குக் காரணம் இருக்கிறது.

---

கெப்போங்_என்ஸ்கேல் (கோலாலம்பூர்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடைய கமாண்ட் ஸ்டேஷன் ரோக்கோ இசட் 21, கறுப்புப் பெட்டி. சீரியல் தொல்லையே இல்லை, நெட்வொர்க் கேபிள்தான். ஆனால் வீட்டு ரூட்டரில் மாட்டினால் பராமரிப்பு மென்பொருள் பெட்டியைக் காணவில்லை என்கிறது. கூடவே வந்த சின்ன ரூட்டரில் மாட்டினால் தெரிகிறது. ஏன்?

---

ஜெலுத்தோங்_கவிதா

பெட்டியின் முகவரி 192.168.0.111. உங்கள் வீட்டு ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரே கேபிளில் இருந்தாலும் இருவரும் வேறு வேறு தெருவில் குடியிருக்கிறார்கள். புதுப்பிக்கும் நேரத்துக்கு மட்டும் மடிக்கணினியை நேராகப் பெட்டியில் மாட்டி, 192.168.0.50 போல ஒரு நிலையான முகவரி கொடுங்கள். மாஸ்க் 255.255.255.0. வைஃபையை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் பழையபடி தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் வீட்டில் இணையம் வரவில்லை என்று கூப்பாடு எழும்.

---

கெப்போங்_என்ஸ்கேல்

வேலை செய்தது. நன்றி அக்கா.

---

பிறை_தண்டவாளம்

எஃப்.டி.டி.ஐ. சில்லு உள்ள மாற்றி வந்துவிட்டது. மஞ்சள் முக்கோணம் போய்விட்டது, காம் 5 போர்ட் என்று ஒழுங்காகத் தெரிகிறது. கிளிப் சோதனையில் எழுத்துகள் திரும்பி வருகின்றன. ஆனாலும் லோக்புரோகிராமர் மென்பொருள் பழைய பாட்டையே பாடுகிறது. பெட்டிக்கு மின்சாரம் போகிறது. மாற்றி நலம் என்றால் இனிப் பெட்டிதான் பழுதா?

---

செந்தூல்_சீனியர்

அவசரம் வேண்டாம். நீங்கள் மாற்றியைச் சோதித்தீர்கள், கேபிளைச் சோதிக்கவில்லை. மாற்றியில் அந்தச் சீரியல் கேபிளை மாட்டி, பெட்டிக்குப் போகும் கடைசி முனையில் 2ஐயும் 3ஐயும் கிளிப்பால் தொட வையுங்கள். அங்கிருந்து எழுத்து திரும்பி வருகிறதா பாருங்கள். தொலைபேசித் துறையில் இருந்த காலத்தில் கோட்டை ஒவ்வொரு கண்டமாகத்தான் சோதிப்போம். நடுவில் இருப்பதைச் சோதிக்காமல் கடைசி முனையைக் குற்றம் சொல்ல முடியாது.

வேறு எந்த மென்பொருளும் அந்தப் போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கக் கூடாது. ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். டெர்மினலை மூடிவிட்டுத்தான் லோக்புரோகிராமரைத் திறக்க வேண்டும்.

---

பிறை_தண்டவாளம்

ஐயா, கடைசி முனையில் எழுத்து திரும்பவில்லை! டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிளின் மூக்கில் 3ஆம் பின்னின் அடியில் பச்சைப் பாசிபோல் படிந்திருக்கிறது. எந்த அலமாரியில், எத்தனை மழைக்காலம் கிடந்ததோ. ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்தேன், பச்சை போய்விட்டது, பின் கறுத்துத்தான் இருக்கிறது. கிளிப் வைத்தால் எழுத்து வருகிறது, கேபிளை ஆட்டினால் போகிறது.

---

ஜெலுத்தோங்_கவிதா

ஆட்டினால் போகிறது என்றால் அந்தக் கேபிளைக் குப்பையில் போடுங்கள். ஓட்டுவதற்கு என்றால்கூடச் சமாளிக்கலாம். டி.சி.சி.யில் வேகக் கட்டளை தண்டவாளத்தில் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கும், ஒன்று தவறினாலும் அடுத்தது வந்து சரிசெய்துவிடும். ஃபர்ம்வேரில் அந்தச் சலுகை கிடையாது. கோப்பின் ஒவ்வொரு துண்டும் சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். நடுவில் அறுந்தால் டிகோடர் பழையதாகவும் இருக்காது, புதியதாகவும் இருக்காது. பெரும்பாலும் மறுபடி முயன்று மீட்கலாம் என்றாலும் அந்தப் பதற்றம் எதற்கு?

நேர் கேபிளையே வாங்குங்கள். 2ஐயும் 3ஐயும் குறுக்காக மாற்றிவிடும் கேபிளும் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும், கிளிப் சோதனையிலும் தேறிவிடும், ஆனால் பெட்டியோடு பேசாது. மல்டிமீட்டர் இருந்தால் 2க்கு 2, 3க்கு 3 போகிறதா என்று கடையிலேயே தொட்டுப் பார்த்துவிடலாம்.

---

பிறை_தண்டவாளம்

புதிய கேபிள் மாட்டினேன். பெட்டி கிடைத்துவிட்டது! எஞ்சினை வைத்துப் படிக்கச் சொன்னதும் டிகோடரின் பெயரே திரையில் வந்தது. இப்போது, டிகோடரின் ஃபர்ம்வேர் பழையது, புதுப்பிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஆம் என்று அழுத்திவிடலாமா?

---

செந்தூல்_சீனியர்

இன்னும் அழுத்தாதீர்கள். சில கேள்விகள்.

எஞ்சின் எங்கே நிற்கிறது? லேஅவுட்டின் மேலா? லோக்புரோகிராமரின் தண்டவாள வயர்களை, வேறு கமாண்ட் ஸ்டேஷன் மின்சாரம் கொடுக்கும் தடத்தோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே, போய்விடும். தனியாக ஒரு துண்டுத் தண்டவாளம், அதன் மேல் அந்த ஒரே எஞ்சின். சக்கரங்களையும் தடத்தையும் அதே ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். கேபிளில் பார்த்த பச்சையின் தம்பிதான் சக்கரத்தில் கறுப்பாக ஒட்டியிருக்கும்.

மடிக்கணினி தூங்கிவிடாதபடி மின்சேமிப்பை நிறுத்துங்கள். அதிலேயே யூ.எஸ்.பி. போர்ட்டைத் தற்காலிகமாக முடக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதையும் நிறுத்துங்கள். நடுவில் ஹப் எதுவும் வேண்டாம், கணினியின் சொந்தப் போர்ட்டிலேயே மாட்டுங்கள். விண்டோஸ் மறுதொடக்கம் கேட்டுக்கொண்டிருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

பின்னேரம் மழை கட்டிக்கொண்டு வருகிறது என்றால் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் இடி உங்கள் பக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் மின்வெட்டுக்கு ஊர் தெரியாது. மடிக்கணினிக்குப் பேட்டரி இருக்கிறது, பெட்டிக்கு இல்லை. சின்ன யூ.பி.எஸ். இருந்தால் பெட்டியின் அடாப்டரை அதில் செருகுங்கள்.

கடைசியாக, சி.வி. மதிப்புகளை முழுவதும் படித்து ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பிறகு அழுத்துங்கள்.

---

பிரிக்பீல்ட்ஸ்_ரவி

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கிண்டல் இல்லை, உண்மையாகவே. மேக் கணினியிலோ லினக்ஸிலோ மெய்நிகர் இயந்திரத்துக்குள் விண்டோஸ் ஓட்டிப் புதுப்பிப்பவர்கள் கவனம். சீரியல் மாற்றி என்றால் பரவாயில்லை. ஆனால் யூ.எஸ்.பி. நேராக உள்ள சில கருவிகள் புதுப்பிக்கத் தொடங்கியதும் தங்களை மறுதொடக்கம் செய்துகொண்டு, வேறு அடையாள எண்ணோடு எழுந்து வரும். மெய்நிகர் இயந்திரம் பழைய எண்ணுக்காகக் காத்திருக்கும், புதியது வெளியே உள்ள கணினியிடம் போய்விடும். பாதியில் நின்றுவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலரின் கதை இதுதான். அசல் விண்டோஸ் கணினி ஒன்றைக் கடன் வாங்கிவிடுங்கள்.

---

பிறை_தண்டவாளம்

ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. இன்று காலை வெயிலில் செய்தேன், அப்பாவைக் குளிரூட்டியைத் தொட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு. ஒலிக்கோப்புக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது, நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே பசியாறினேன்.

20ஆம் வகுப்புக்கென்று தனி ஒலி கிடைக்கவில்லை. பிரிட்டனின் 37ஆம் வகுப்பு எஞ்சினின் ஒலியை ஏற்றியிருக்கிறேன். சீனியர் ஐயா என்ன சொல்வாரோ.

---

செந்தூல்_சீனியர்

என்ன சொல்வேன்? இரண்டும் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஞ்சின்கள்தானே, குரல் ஒத்துப்போகும். என் தகப்பனார் செந்தூல் பட்டறையில் இருந்தவர். அவர் இருந்திருந்தால் சும்மா நிற்கும்போது வரும் அந்தத் தடதடப்பு இன்னும் கொஞ்சம் மெதுவாக இருக்க வேண்டும் என்று குறை சொல்லியிருப்பார். மென்பொருளில் அதன் வேகத்தைக் குறைக்க முடிந்தால் குறைத்துப் பாருங்கள், ஒலியை வீடியோ எடுத்து இங்கே போடுங்கள்.

---

பிரிக்பீல்ட்ஸ்_ரவி

சரி, தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் லோக்சவுண்ட் உள்ள பழைய நீராவி எஞ்சின் ஒன்று இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் தானே பதிவு செய்த விசில் அதில் இருக்கிறது, மிக அழகாக இருக்கும். பிறைத் தம்பி கோலாலம்பூர் வரும்போது பெட்டியைக் கொண்டுவந்தால், அந்த ஒலியை முதலில் என் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு புதிய ஒலியை ஏற்றிப் பார்க்கலாமா?

---

ஜெலுத்தோங்_கவிதா

எடுத்து வைக்க முடியாது. லோக்சவுண்ட் டிகோடரிலிருந்து சி.வி. மதிப்புகளைத்தான் திரும்பப் படிக்கலாம். ஒலி ஒருவழிப் பாதை: ஏற்றலாம், இறக்க முடியாது. புதியதை எழுதிய நொடியே அந்த விசில் போய்விடும். முந்தைய சொந்தக்காரரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்கும் வரை அந்த டிகோடரில் ஒலி ஏற்றாதீர்கள்.

---

பிரிக்பீல்ட்ஸ்_ரவி

நல்ல வேளை கேட்டேன். அவர் இப்போது ஜோகூரில் இருக்கிறார், எண் என்னிடம் உண்டு, இன்றிரவே அழைக்கிறேன். தம்பி, நீங்கள் பெட்டியைக் கொண்டுவாருங்கள், அந்த எஞ்சினைத் தொட வேண்டாம். என்னிடம் ஒலியே இல்லாத இன்னொரு டிகோடர் சும்மா கிடக்கிறது, அதில் கையைப் பழக்கிக்கொள்கிறேன்.